ரங்கூன் களிமண்: பாரமும் நீரும் காலமும்

ரங்கூன் ஆற்றின் தென்கரையில், டலாப் பக்கத்துத் தாழ்நிலத்தில் இருக்கும் ஒரு சிறிய அம்மன் கோயிலில், பழைய சன்னிதியை ஒட்டி எழுப்பிய புது மண்டபம் குடமுழுக்கு முடிந்த மூன்றாம் ஆண்டில் விரிசல் விட்டது. சன்னிதிச் சுவரும் மண்டபச் சுவரும் சேருமிடத்தில், கீழே மயிரிழையாகத் தொடங்கி மேலே விரல் நுழையும் அகலத்துக்கு அது விரிந்திருந்தது. நிர்வாகத்தாரில் சிலர் கொத்தனாரைக் குறை சொன்னார்கள். சிலர் சிமெண்டில் கலப்படம் என்றார்கள். திசை பார்த்ததில் பிழை நேர்ந்துவிட்டது என்று ஒரு பெரியவர் வருந்தினார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது மண்டபம் சன்னிதியை விட்டு விலகி வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பது தெரிந்தது. சுவரில் கலவை உதிரவில்லை, கம்பி துருப்பிடிக்கவில்லை. கொத்தனாரும் சிமெண்டும் இதில் குற்றமற்றவர்கள் என்பதே என் முடிவு. மண்டபம் கட்டுவதற்கு முன், வெள்ளத்துக்கு அஞ்சி, அந்த மனையில் ஆறரை அடி உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். மண் கொட்டிய கையோடு அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள் என்பதுதான் வினை.

இதே புகார் ரங்கூனின் தாழ்ந்த பகுதிகள் எங்கும் வேறு வேறு உருவத்தில் காதில் விழுகிறது. பின்னாளில் சேர்த்த சமையற்கட்டு வீட்டை விட்டுப் பிரிந்து வருகிறது. மழைக்காலத்தில் உப்பிய கதவு கோடையிலும் நிலையில் இடிக்கிறது. பைல், அதாவது நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் தூண், அடித்துக் கட்டிய அடுக்குமாடி அசையாமல் நிற்க, அதன் வாசலில் இருந்த நடைபாதை மட்டும் ஒரு படி ஆழம் கீழே போய்விடுகிறது. ‘மண் உட்கார்ந்துவிட்டது’ என்று ஒரே வாக்கியத்தில் பேச்சை முடித்துவிடுகிறோம். அந்த வாக்கியம் சரியானதுதான். ஆனால் ஏன் உட்காருகிறது, எவ்வளவு உட்காரும், எத்தனை காலத்துக்கு உட்கார்ந்துகொண்டே இருக்கும் என்ற மூன்று கேள்விகள் அதற்குள் மறைந்திருக்கின்றன. மூன்றாவது கேள்வியே பணத்தைத் தின்னும் கேள்வி. மனை வாங்கும்போதும் திருப்பணிக்கு மதிப்பீடு போடும்போதும் அநேகமாக யாரும் கேட்காத கேள்வியும் அதுவே.

ரங்கூன் இருவகை நிலத்தின் மேல் அமைந்த ஊர். வடக்கே இருந்து பெகு யோமா மலைத்தொடரின் வால் ஒரு தாழ்ந்த முகடாக நகருக்குள் நீண்டு வருகிறது. சுமார் 99 மீட்டர் உயரமுள்ள ஷ்வேடகோன் பகோடாவைத் தாங்கும் சிங்குத்தரக் குன்று அந்த முகட்டைச் சேர்ந்தது. அங்கே செம்புரை மண்ணும் மணற்கல்லும் கிடைக்கும். முகட்டை விட்டு இறங்கினால் லைங் ஆறும் ரங்கூன் ஆறும் பசுந்தாங் ஓடையும் கொண்டுவந்து சேர்த்த வண்டல். 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் ஆங்கிலேயர், சூலே பகோடாவை நடுவில் வைத்துச் சதுரங்கக் கட்டம்போல் தெருக்களை வகுத்தபோது, ஆற்றோரச் சதுப்பில் மண் கொட்டி உயர்த்தித்தான் நகரை எழுப்பினார்கள். 1871இல் நம்மவர்கள் கட்டிய ஸ்ரீ காளியம்மன் கோயிலும் அந்த நகரத் தெருக்களுக்குள்தான் இருக்கிறது. ஆக, மண் கொட்டி மேடாக்கிக் கட்டுவது இந்த ஊருக்குப் புதிய பழக்கமல்ல. புதியது நம்முடைய அவசரம்தான்.

இந்த வண்டல் வயதில் இளையது. கடல் மட்டம் ஏறக்குறைய இன்றைய நிலைக்கு வந்து நின்ற பிறகு, அதாவது கடந்த ஆறேழாயிரம் ஆண்டுகளில், ஐராவதியின் சேறும் ஓதம் மீண்டும் உள்ளே தள்ளிவந்த சேறும் அமைதியான நீரில் படிந்து உருவானது. 2 மைக்ரான் அளவுக்கும் குறைந்த, தகடு போன்ற துகள்கள் நீரில் மெதுவாக இறங்கி, ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் முகத்தில் ஒட்டிக்கொண்டு, சீட்டுக்கட்டால் கட்டிய வீடுபோல் நிற்கும். அந்த வீட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் நீர். இத்தகைய மென்களியில், நீர் நிறைந்த வெற்றிடத்தின் கன அளவு திடத்துகள்களின் கன அளவைப்போல் ஒன்றரை மடங்காக இருப்பது சாதாரணம். அப்படியானால் 10 லிட்டர் களிமண்ணை வெட்டி எடுத்தால் அதில் 6 லிட்டர் நீர், 4 லிட்டர்தான் மண். துவாந்தேயில் பானை வனைபவர்கள் இந்தக் கணக்கைக் கையால் அறிந்தவர்கள். பச்சைப்பானை காயும்போது சுருங்குவதும் நிலம் பாரத்தால் இறங்குவதும் அடிப்படையில் ஒரே காரியம்: நீர் வெளியேறுகிறது, துகள்கள் நெருங்குகின்றன.

நீர் வெளியேறும் அந்தக் காட்சியைப் பார்க்கச் சோதனைக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. பர்மியரின் மீன்குழம்பு நூடுல் உணவான மொய்ங்காவுக்கு வேண்டிய அரிசி நூடுல் பழைய முறையில் செய்யப்படும் இடத்துக்குப் போனால் போதும். ஊறிப் புளித்த அரிசியை அரைத்து, அந்தக் கூழைத் துணிப்பையில் கட்டி, மேலே கனமான கல்லை ஏற்றுவார்கள். கல் ஏறிய அந்தக் கணத்தில் பை பிதுங்குகிறதே தவிர மாவு கெட்டியாவதில்லை. கல்லின் பாரத்தை அப்போது தாங்குவது மாவல்ல, மாவுக்குள் இருக்கும் நீர். அழுத்தப்பட்ட நீர் துணியின் இழைகள் வழியே வியர்வைபோல் கசியத் தொடங்குகிறது. கசியக் கசிய நீரின் அழுத்தம் குறைந்து, பாரம் கொஞ்சம் கொஞ்சமாக மாவுத் துகள்களின் மேல் இறங்குகிறது. கசிவு நின்ற பிறகு பையை அவிழ்த்தால் கையில் எடுக்கத்தக்க கட்டி கிடைக்கும். இடையில் அவிழ்த்துப் பார்த்தால் துணியை ஒட்டிய பகுதி கெட்டியாகவும் நடுப்பகுதி இன்னும் கூழாகவும் இருக்கும். நடுவில் உள்ள நீர் வெளியே வர அதிகத் தூரம் போக வேண்டும் என்பதே காரணம்.

பொறியாளர்கள் இறுகல் என்று சொல்வது இதைத்தான். திமிசுக்கட்டையால் மண்ணை இடிப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. திமிசு போடுவதால் மண்ணில் இருக்கும் காற்று வெளியேறும். அது சில நிமிடங்களில் முடியும் காரியம். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் களிமண்ணில் காற்று கிடையாது. வெளியேற வேண்டியது நீர். நீருக்கோ களிமண் எளிதில் வழி விடாது. மென்களியில் நீர் ஊடுருவும் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கலாம். ஒரு மீட்டர் தூரத்துக்கு நீர்மட்டம் ஒரு மீட்டர் தாழும் நீர்ச்சரிவில் அது ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர் நகர்வுக்குச் சமம். ஆற்று மணலில் இது லட்சம் மடங்கு விரைவு. அதனால்தான் மணலின் மேல் கட்டிய வீடு, இறங்க வேண்டியதைக் கட்டுமானம் நடக்கும்போதே இறங்கி முடித்துவிடுகிறது.

இதைக் கணக்காக்கியவர் கார்ல் டெர்சாகி. 1883இல் பிராகாவில் பிறந்த இவர், முதல் உலகப்போர்க் காலத்தில் இஸ்தான்புல்லுக்குப் போய், அங்கே ஆசிரியராக இருந்த ஆண்டுகளில், கைக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டு கருவிகள் அமைத்துக் களிமண் வில்லைகளை அழுத்திப் பார்த்தார். 1923இல் இறுகலுக்கான சமன்பாட்டையும், 1925இல் மண்ணியக்கவியலுக்கு அடித்தளமான நூலையும் வெளியிட்டார். அவர் சொன்னதன் சாரம் எளிது: மண்ணின் மேல் வரும் மொத்த அழுத்தத்தைத் துகள்களும் அவற்றின் இடைவெளியில் உள்ள துளைநீரும் பங்கிட்டுக்கொள்கின்றன; மண்ணின் சுருக்கத்தையும் வலிமையையும் தீர்மானிப்பது துகள்களின் பங்கு மட்டுமே. இந்தப் பங்கைப் பாடநூல்கள் பயனுறு தகைவு என்கின்றன. புதுப்பாரம் வந்தவுடன் அதை முழுவதும் துளைநீர் ஏற்கிறது. பிறகு தவணை தவணையாகத் துகள்களுக்குக் கைமாற்றுகிறது. அந்தத் தவணைக் காலம்தான் நிலம் இறங்கும் காலம்.

டெர்சாகியின் கணக்கில் இரண்டு முடிவுகள் நம் ஊருக்கு நேரடியாகப் பொருந்துகின்றன. ஒன்று, காலம் நீர் கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்கு. மற்றொன்று கேட்பவர்களை வியக்கவைப்பது: காலம் பாரத்தின் அளவைப் பொறுத்ததல்ல. மாவுப்பையின் மேல் இன்னொரு கல்லை ஏற்றினால் கட்டி இன்னும் கெட்டியாகும். வடிந்து முடியும் நேரமோ ஏறக்குறைய அதேதான். கூடுதல் பாரம் நீரை வேகமாகத் தள்ளுகிறது என்பது உண்மை. தள்ள வேண்டிய நீரும் அதற்கேற்பக் கூடிவிடுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது எந்தக் குறிப்பிட்ட மனையிலும் அளந்தது அல்ல. மென்களிக்குப் பொருந்தும் எண்களை வைத்து நானே எடுத்துக்கொண்ட மாதிரி. களிமண் 10 மீட்டர் தடிமன், வெற்றிட விகிதம் 1.5 (துகள்களைப்போல் ஒன்றரை மடங்கு நீர்), சுருக்கக் குறியெண் (பாரத்துக்கு மண் எவ்வளவு சுருங்கும் என்பதன் அளவு) 0.5 என்று கொள்வோம். நீர்மட்டம் தரையோடு இருக்கிறது. அடுக்கின் நடுவில் மண்ணின் சொந்தப் பாரத்தால் வரும் பயனுறு தகைவு 31 கிலோபாஸ்கல். இதன் மேல் 2 மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டினால் புதிதாக வரும் பாரம் 36 கிலோபாஸ்கல். சுருக்கம் மடக்கை விதிப்படி நடப்பதால், நிலம் மொத்தமாக இறங்கும் அளவு சுமார் 67 சென்டிமீட்டர். வெள்ளத்துக்குத் தப்ப 2 மீட்டர் உயர்த்தியவருக்குக் கடைசியில் நிற்பது 1.33 மீட்டர்தான், கொட்டிய மண்ணில் மூன்றில் ஒரு பங்கை நிலம் விழுங்கிவிடுகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட மேலும் மண் கொட்டினால், அந்த மண்ணும் பாரம்தான். 4 மீட்டர் கொட்டினால் இறங்குவது சுமார் 1.04 மீட்டர்.

இனிக் காலம். களி எவ்வளவு விரைவாக இறுகும் என்பதைக் காட்டும் இறுகல் குணகம் ஆண்டுக்கு 1.5 சதுரமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். களிமண்ணுக்கு மேலே கொட்டியது மணல், கீழேயும் மணல் அடுக்கு இருக்கிறது என்றால் நீர் இருபுறமும் வெளியேறலாம். அது கடக்க வேண்டிய மிக நீண்ட தூரம் 5 மீட்டர். அப்போது முதல் ஆண்டு முடிவில் 18 சென்டிமீட்டர், மூன்றாம் ஆண்டு முடிவில் 32, பத்தாம் ஆண்டு முடிவில் 55 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். மொத்தத்தில் 90 விழுக்காடு முடிய 14 ஆண்டுகள் ஆகும். கீழே மணலுக்குப் பதில் நீர் விடாத இறுகிய அடுக்கு இருந்தால், அல்லது மேலே கொட்டிய மண்ணே சேறாக இருந்து மேல்வழியை அடைத்துவிட்டால், தூரம் 10 மீட்டராகி, அந்த 14 ஆண்டுகள் 56 ஆண்டுகளுக்கு மேல் நீளும். மனைக்கு என்ன மண் கொட்டுகிறார்கள் என்று நின்று பார்ப்பது வீண்வேலை அல்ல. பக்கத்தில் குளம் வெட்டி எடுத்த சேறு மலிவாகக் கிடைக்கும். ஆற்று மணலுக்கு விலை அதிகம். விலை வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, நாற்பது ஆண்டு வித்தியாசம் தெரிவதில்லை.

அந்த எண்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் ஆண்டில் 18 சென்டிமீட்டர் இறங்கிய நிலம், பத்தாம் ஆண்டில் 2 சென்டிமீட்டர் அளவுக்கே இறங்குகிறது. கோயிலில் நடந்ததைப் போல மண் கொட்டிய கையோடு கட்டிடத்தைத் தொடங்கினால், இறக்கத்தின் மிக வேகமான பகுதியை அந்தப் புதுச் சுவர்கள் தங்கள் உடம்பில் வாங்கிக்கொள்கின்றன. அதே சுவர்களைச் சில ஆண்டுகள் கழித்து எழுப்பியிருந்தால் பெரும்பாதி இறக்கம் யாருக்கும் தெரியாமல் வெறும் நிலத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

எல்லாச் சுவர்களும் ஒரே அளவில் இறங்கினால் விரிசலே வராது என்பதையும் சொல்ல வேண்டும். பைசா நகரத்துக் கோபுரம் சராசரியாக 3 மீட்டர் அளவுக்கு மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. உலகம் அறிந்தது அந்த இறக்கத்தையல்ல, ஒருபக்கம் கூடுதலாக இறங்கியதால் வந்த சாய்வையே. கட்டிடத்தை உடைப்பது வேறுபட்ட இறக்கம். ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு என்ற இரு பொறியாளர்கள் 1956இல் பல கட்டிடங்களை ஆராய்ந்து, அடுத்தடுத்த தூண்களுக்கிடையே உள்ள இறக்க வேறுபாடு அவற்றின் இடைவெளியில் முந்நூறில் ஒரு பங்கை எட்டும்போது சுவரில் விரிசல் தோன்றும் என்று கண்டார்கள். 9 மீட்டர் இடைவெளிக்கு அது வெறும் 3 சென்டிமீட்டர். மொத்தம் 67 சென்டிமீட்டர் இறங்கும் நிலத்தில் ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் 3 சென்டிமீட்டர் வேறுபடாமல் இருப்பது அபூர்வம்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதற்குக் களிமண்ணின் ஒரு விசித்திரக் குணத்தைப் பார்க்க வேண்டும்: களிமண்ணுக்கு நினைவு உண்டு. தன் வாழ்நாளில் சுமந்த மிகப் பெரிய பாரத்தை அது மறப்பதில்லை. அந்த அளவைத் தாண்டாத வரை, புதுப்பாரம் வந்தால் கொஞ்சமே சுருங்கும். தாண்டிய கணத்திலிருந்து ஐந்து மடங்கு, பத்து மடங்கு சுருங்கத் தொடங்கும். அந்த எல்லையைச் சோதனை வரைகோட்டிலிருந்து கண்டுபிடிக்கும் முறையை மண்ணியல் பொறியாளர் ஆர்தர் காசகிராண்டே 1936இல் வகுத்துக் கொடுத்தார். பழைய சன்னிதிக்குக் கீழே இருந்த களிமண் பல பத்தாண்டுகளாகக் கருங்கல்லையும் சுதையையும் சுமந்து இறுகியது. பக்கத்து மனைக் களிமண் புல்லையும் மழைநீரையும் தவிர எதையும் சுமந்ததில்லை. இரண்டும் ஒரே சேறுதான், நாலடி தூரம்தான். ஆனால் மண்டபத்தின் உள்விளிம்பு அனுபவப்பட்ட மண்ணின் மேலும், வெளிவிளிம்பு கன்னி மண்ணின் மேலும் நின்றது. வெளிவிளிம்பு கூடுதலாக இறங்க, மண்டபம் சன்னிதியை விட்டு வெளியே சாய்ந்தது. விரிசல் மேலே அகன்று கீழே குறுகியிருந்தது அதனால்தான். விரிசலின் வடிவத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு வாக்குமூலம்.

டெல்டாவில் இந்த நினைவு வேறு வழியிலும் உண்டாகிறது. கார்த்திகை முதல் சித்திரை வரை மழை இல்லாத மாதங்களில் வயல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்போம். காயும் களிமண்ணில் நீரின் இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று இழுத்து நெருக்குகிறது. மேலே பாரம் வைத்து அழுத்தியதுபோலவே அந்த மேல்பகுதி இறுகிவிடுகிறது. அதனால் ஒன்றிரண்டு மீட்டர் தடிமனுள்ள கெட்டியான மேலோடு உருவாகி, அதன் கீழே கூழாகிய களி அப்படியே கிடக்கிறது. அஸ்திவாரம் தோண்டுபவர் கடப்பாரையைப் போட்டுப் பார்த்து ‘நல்ல கெட்டி மண், ஐயா’ என்று சொல்வது பொய்யல்ல. அவர் தொட்டது மேலோட்டை. மரக்கால்களின் மேல் நிற்கும் பலகை வீட்டுக்கு அந்த மேலோடு தாராளமாகப் போதும். வீடும் இலேசு; ஒரு கால் இறங்கினாலும் ஆப்பு செருகி உயர்த்திவிடலாம். டெல்டா மக்கள் தலைமுறைகளாக அப்படி வாழ்ந்தது பணமின்மையால் மட்டுமல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் மனை முழுவதும் பரப்பிய ஆறரை அடி மண்ணின் பாரம் மேலோட்டில் நிற்காது. அது குறையாமல் அடிவரை இறங்கும்.

புதுப்பாரத்தால் வடிய வேண்டிய நீர் வடிந்த பின்னும் இறக்கம் முற்றிலும் நிற்பதில்லை. துகள்கள் தங்களுக்குள் மெல்லச் சரிந்து இடம் மாறிக்கொள்வதால் ஒரு சிறு இறக்கம் ஆண்டுக்கணக்கில் தொடரும். சாதாரணக் களியில் அது பொருட்படுத்தத் தக்கதல்ல. மக்கிய இலைதழை மிகுந்த சதுப்பு மண்ணில் அதுவே பெரும்பங்காகிவிடும்.

பாரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. ஆழ்துளைக் கிணற்றில் நீரை இறைத்து அடியிலுள்ள மணல் அடுக்கின் நீரழுத்தத்தைக் குறைத்தால், நீர் தாங்கிக்கொண்டிருந்த பங்கு துகள்களின் தலையில் விழுகிறது. நீர்மட்டம் 3 மீட்டர் தாழ்ந்தால் சுமார் 30 கிலோபாஸ்கல், அதாவது மனை முழுவதும் ஐந்தடிக்கு மேல் மண் கொட்டிய கணக்கு. ஒரு கூடை மண்கூடக் கொட்டாமல் ஊரே இறங்கும். மெக்சிகோ நகரம் சென்ற நூற்றாண்டில் இப்படியே சில இடங்களில் 9 மீட்டர் வரை இறங்கியது. பாங்காக்கும் அந்தப் பாடத்தைப் படித்தது. ரங்கூனில் குழாய் நீர் எட்டாத பகுதிகளில் வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு. செயற்கைக்கோள் ரேடார் அளவீடுகள் நகரின் சில பகுதிகளில் நிலம் தாழ்வதைக் காட்டியும் இருக்கின்றன.

‘பைல் அடித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது’ என்பது பரவலான நம்பிக்கை. பாதி உண்மை. களிமண்ணைத் துளைத்துக் கீழே உள்ள மணலில் நிற்கும் பைல் கட்டிடத்தைக் காப்பாற்றும். ஆனால் சுற்றியுள்ள களி இறங்கிக்கொண்டிருந்தால், அது பைலின் உடலைப் பற்றிக்கொண்டு தன்னோடு கீழே இழுக்கும். தாங்க வந்த மண்ணே சுமையாகிவிடும். அந்த இழுவையையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் பைல் பைலாக இருக்கும். அதோடு, நிற்கும் கட்டிடத்துக்கும் இறங்கும் தரைக்கும் இடையே சிக்கும் கழிவுநீர்க் குழாய்கள் கட்டிடச் சுவரை ஒட்டியே முறிகின்றன. பைலின் மேல் நிற்கும் ஒரு குடியிருப்பில் நான் வாடகைக்கு இருந்தபோது, இரண்டு மழைக்காலத்துக்குள் மூன்று முறை அதே இடத்தில் தோண்டி அதே குழாயை மாற்றினார்கள். வளைந்து கொடுக்கும் இணைப்பு ஒன்றைப் போட்டிருந்தால் ஒரு முறையோடு முடிந்திருக்கும். மூன்று முறையும் கூலியைப் பங்கிட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள்.

மருந்து என்ன என்றால், காலத்தைக் கொடுப்பது, அல்லது காலத்தைச் சுருக்குவது. காலத்தைக் கொடுப்பதில் ஒரு தந்திரம் உண்டு. 2 மீட்டர் தேவையென்றால் 3 மீட்டர் கொட்டிக் காத்திருந்து, பிறகு மேலதிக மண்ணை அள்ளிவிடுவது. நம் மாதிரி மனையில் 3 மீட்டர் மண்ணுக்கு முழு இறக்கம் சுமார் 88 சென்டிமீட்டர். அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் முடிந்தாலே, நமக்கு வேண்டிய 67 சென்டிமீட்டர் வந்துவிடும். அதற்கு ஏறக்குறைய எட்டரை ஆண்டுகள். 2 மீட்டர் மண்ணை மட்டும் வைத்திருந்தால் 14 ஆண்டுகள் காத்தும் 90 விழுக்காடுதான் முடிந்திருக்கும். அதோடு, மேலதிகப் பாரத்தை எடுத்த பின் களிமண் அந்தப் பெரிய பாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். கட்டிடத்தின் பாரம் அதைவிடக் குறைவாக இருந்தால் பிறகு அசைவு மிகக் குறைவு.

எட்டரை ஆண்டும் அதிகம் என்றால் நீரின் பாதையை வெட்டிக் குறைக்க வேண்டும். பிளாஸ்டிக் உள்ளீடும் வடிதுணி உறையும் கொண்ட, நாலங்குல அகலப் பட்டைகளை எந்திரத்தால் களிமண்ணுக்குள் செங்குத்தாக இறக்குவார்கள். முன்பெல்லாம் இதற்கு மணல் தூண்களையும், பிறகு அட்டைத் திரிகளையும் பயன்படுத்தினார்கள். இன்று எங்கும் பிளாஸ்டிக் பட்டைதான். நாலடிக்கு ஒன்றாக முக்கோண வரிசையில் இறக்கினால், நடுவில் உள்ள நீர் 5 மீட்டர் போகத் தேவையில்லை. ஈரடி பக்கவாட்டில் போனால் ஒரு பட்டை கிடைக்கும். பக்கவாட்டு இறுகல் குணகமும் அதே 1.5 என்று கொண்டால், 90 விழுக்காடு முடிய எட்டு மாதம் போதும். பட்டையை இறக்கும்போது சுற்றியுள்ள களி குழம்பி வழியை ஓரளவு அடைப்பதால் நடைமுறையில் இன்னும் சில மாதங்கள் கூடும். பதினான்கு ஆண்டு ஓராண்டுக்குள் சுருங்குகிறது. தூரத்தின் வர்க்கம் நமக்கு எதிராக வேலை செய்தது போய் நமக்காக வேலை செய்கிறது.

பட்டை எட்டாத ஆழத்தை இந்த வைத்தியம் குணப்படுத்தாது என்பதற்கு ஜப்பானின் கன்சாய் விமான நிலையம் சான்று. கடலில் மண் கொட்டி உருவாக்கிய தீவில் 1994இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் அடியில், மேலே கிடந்த சுமார் 20 மீட்டர் மென்களியை மணல் வடிகால்கள் விரைவில் இறுக்கிவிட்டன. அதற்கும் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரை இருந்த பழைய களி அடுக்குகளை அவற்றால் தொட முடியவில்லை. முதல் தீவு 10 மீட்டருக்கும் மேல் இறங்கி, இன்னும் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. முனையக் கட்டிடத்தின் தூண்களுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தேவைப்படும்போது உயர்த்திக்கொள்ளும் ஏற்பாட்டோடுதான் அதைக் கட்டினார்கள். நம் பலகை வீட்டு ஆப்பேதான், விலை மட்டும் வேறு.

சிறிய மனைக்கு எந்திரம் வராது. பட்டைக்குப் பணமும் இராது. அவர்களுக்கும் வழிகள் உண்டு. மனை முழுவதும் மண் கொட்டாமல், தரைத்தளத்தைத் தூண்களின் மேல் உயர்த்துவது பாரத்தை மிகவும் குறைக்கும். மண் கொட்டியே ஆக வேண்டுமென்றால் அடியில் ஒரு முழ உயரத்துக்காவது மணல் பரப்பி, கொட்டிய பின் குறைந்தது இரண்டு மழைக்காலமாவது மனையைச் சும்மா போடுவது பயன்தரும். பழைய கட்டிடத்தோடு புதியதைச் சேர்க்கும்போது சுவரைப் பற்களாகக் கோத்துக் கட்டாமல், அங்குல இடைவெளி விட்டு, மேலே தகடு போட்டு மூடிவிட்டால், இரண்டும் அவரவர் வேகத்தில் இறங்கும். கோயில் விஷயத்தில் சன்னிதியும் மண்டபமும் ஒரே உடலாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தால் இதற்கு இசைய மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் காத்திருப்புதான் மிஞ்சும். பைசாக் கோபுரத்தை 1173இல் தொடங்கியவர்கள் மூன்று அடுக்கு எழுப்பிவிட்டு, போரால் ஏறக்குறைய நூறாண்டு நிறுத்திவைத்தார்கள். அந்த இடைவெளியில் களிமண் நீரை இழந்து வலுப்பெறாமல் இருந்திருந்தால் மேல் அடுக்குகள் ஏறும்போதே கோபுரம் விழுந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. நம் ஊர்களில் பணம் தீர்ந்து மொட்டையாக நிற்கும் கோபுரங்களைப் பார்த்து வருந்துகிறோம். மென்களியின் மேல் நிற்பவற்றுக்கு அந்தப் பஞ்சம் நல்லதைச் செய்திருக்கவும் கூடும்.

டலாக் கோயில் நிர்வாகத்தார் கேட்டது ஒன்றுதான்: விரிசலை எப்போது பூசலாம்? சிமெண்டைக் குழைத்து உடனே அடைத்துவிட ஆள் தயாராக இருந்தார். மண்டபத்தின் நான்கு மூலைத் தூண்களிலும் ஆணி அடித்து, பழைய சன்னிதியின் தூண் ஒன்றில் ஐந்தாவது ஆணி அடித்து, டியூப் லெவல் (நீர் நிரப்பிய மட்டக்குழாய்) வைத்து மாதம் ஒருமுறை உயர வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். விரிசலின் குறுக்கே மூன்று இடங்களில் மெல்லிய கண்ணாடிச் சில்லுகளை ஒட்டினோம். முதல் சில்லு ஆறாவது வாரத்தில் உடைந்தது. குறிப்பேட்டு எண்களைக் காலத்தோடு வரைந்தால் கோடு மெல்லக் கிடையாகிக்கொண்டு வரும்; அடுத்தடுத்த சம இடைவெளிகளில் வரும் இறக்கங்களை ஒப்பிட்டு, இன்னும் எவ்வளவு பாக்கி என்று கணிக்கும் ஒரு முறையை ஜப்பானியரான அசாவோகா 1978இல் கொடுத்திருக்கிறார்; அதற்குப் பத்துப் பன்னிரண்டு எண்களாவது வேண்டும். இப்போது குறிப்பேட்டில் ஏழு இருக்கின்றன. அதுவரை விரிசலில் மழைநீர் இறங்காதபடி தார்ப்பாய் துண்டு ஒன்றை மேலே கட்டி வைத்திருக்கிறார்கள்.